முருக்கு முளைக்காத மலை

நிழல் மரத்துக்குக் கங்காணியாக இருக்கிறவனுக்கு நிழலில் நிற்க நேரம் கிடைக்காது.

இலங்கை மலைநாட்டில், டிக்கோயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் அந்த வேலையைத்தான் பார்த்தேன். வெள்ளைக்காரன் கொடி இறங்கிய காலத்தில் தொடங்கினேன். தேயிலைக்கு நடுவே நிற்கிற முருக்கு மரங்களை நட வேண்டும். மழைக்கு முன்னால் கொப்பு வெட்ட வேண்டும். வெட்டிய தழையைத் தேயிலைத் தூருக்குப் பரப்ப வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் முருக்கு என்பது கல்யாண முருங்கை. காய் பறித்துக் குழம்பு வைக்கிற முருங்கை இல்லை, பந்தலில் அரசாணிக்காலோடு சேர்த்து ஊன்றுகிறார்களே, அது. அதனால் சுற்றுவட்டத்தில் யார் வீட்டில் கல்யாணம் என்றாலும் லயத்து வீட்டில் என் காம்பரா வாசலில்தான் வந்து நிற்பார்கள்.

உங்கள் கையில் இருக்கிற ஒரு சாமான் ஊரார் கல்யாணத்துக்குத் தேவைப்பட்டால் என்ன பாடு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மேளக்காரர், சமையல்காரர், வாழை மரம் வைத்திருக்கிறவர் எல்லாரும் என் கட்சி. நாம் கொடுத்தது நல்லதாக முடிந்தால் அது சாமி செயல். கெட்டதாக முடிந்தால் நம்மைத் தேடி வருவார்கள்.

நான் வெட்டிக் கொடுத்த கம்புகளில் ஒன்று, காமாட்சி என்கிற பெண்ணைப் புருஷன் வீட்டிலிருந்து திருப்பி அனுப்பிவிட்டது. அவள் மறுபடி அந்த வீட்டு வாசலை மிதித்தாளா இல்லையா என்பதைத்தான் சொல்ல வந்தேன். முன்னால் வருகிற இரண்டு மூன்று சங்கதிகள், முருக்கு எங்கே வளரும் எங்கே வளராது என்பது உங்களுக்குத் தெரிவதற்காக. பொறுமை இருந்தால் படியுங்கள். எனக்கு அது கிடையாது.

முள் இல்லாத முருக்கு

முருக்கு என்றால் ஒரே மரம் என்று நினைக்கிறார்கள். இல்லை. அது பெரிய குடும்பம். பணிய, அதாவது மலைக்குக் கீழே, சூடான ஊர்களில் நிற்பது முள் முருக்கு. வேலியில் வைப்பார்கள். இலையெல்லாம் உதிர்த்துவிட்டுச் சித்திரைக்கு முன்னால் கிளி மூக்கு மாதிரிச் சிவப்பாகப் பூக்கும். யாழ்ப்பாணத்திலும் அதுதான், அக்கரையில், இந்தியாவில், நம் பெரியவர்கள் விட்டுவிட்டு வந்த ஊர்களிலும் அதுதான். எங்கள் தோட்டத்தில் நின்றது வேறு இனம். ஜாவாப் பக்கத்திலிருந்து துரைமார் கொண்டுவந்து நட்டது. அதற்கு முள் கிடையாது. நடு மலையில், மழையும் கொஞ்சம் வெயிலும் விழுகிற இடத்தில், கம்பை வெட்டி ஊன்றினால் பிடித்துக்கொள்ளும். மூன்றாவது ஒன்றும் உண்டு, அது பின்னால் வரும். எந்த இனமானாலும் ஒரு காம்புக்கு மூன்று இலை. இதை மட்டும் ஞாபகத்தில் வையுங்கள்.

றொசல்லயிலிருந்து ஒரு மாப்பிள்ளையின் தாய்மாமன் கம்பு கேட்டு வந்தார். பெரிய மீசை. ஆள் கணக்கெடுக்கிற காலைப் பெரட்டு நேரம். ஆட்களை மலைக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறேன், இவர் குறுக்கே நின்றுகொண்டு கம்பு கம்பு என்கிறார். நல்ல கொப்பாகப் பார்த்து வெட்டிக் கொடுத்தேன். வாங்கினவர் மேலும் கீழும் தடவினார். குழந்தைக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரித் தடவினார்.

"முள்ளு எங்கங்க?"

"இதுக்கு முள்ளு கிடையாது. இது தோட்டத்து முருக்கு. இதுவும் முருக்குதான், இலையைப் பாருங்க" என்றேன்.

கம்பை என் காலடியில் போட்டுவிட்டார். பெரட்டுக்கு நின்ற ஆட்கள் எல்லாரும் கேட்க ஒரு வார்த்தை சொன்னார்: "முள்ளு இல்லாத முருக்கை ஊனச் சொல்றீங்களே கங்காணி, நாளைக்குத் தாலி இல்லாத கயித்தைக் கட்டச் சொல்லுவீங்களா?"

ரன்பண்டாவின் வேலி

அதற்குப் பிறகு முள் கேட்டால் முள்ளே கொடுத்துவிடுவது என்று வைத்துக்கொண்டேன். வாய்ச்சண்டைக்கு எனக்கு நேரம் இல்லை. வட்டவளையைத் தாண்டிக் கினிகத்தேனைப் பக்கம் இறங்கினால் சூடு வந்துவிடும். அங்கே ரன்பண்டா என்று ஒரு சிங்கள விவசாயி. வேலி முழுக்க முள் முருக்கு. அவர்கள் எரபது என்பார்கள். அது பூத்தால்தான் அவர்களுக்குப் புது வருஷம் வருகிறது என்று கணக்கு. பூத்து நிற்கும்போது மட்டும் கத்தி வைக்க விட மாட்டார். மற்ற நாளில் போனால் முகத்தைச் சுளித்துக்கொண்டே வெட்டிக் கொடுப்பார். ஒரு சதம் வாங்கியது இல்லை.

ஒரு வைகாசியில் மூன்று வீட்டுக் கல்யாணம் ஒன்றாக வந்தது. நானும் மூன்று தடவை போய் நின்றேன். மூன்றாம் தடவை மனிதர் வேலியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வேலியில் ஒரு மாடு நுழைகிற அளவுக்கு ஓட்டை விழுந்திருந்தது. கத்தியை எடுத்துக்கொண்டே தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்: "கங்காணி, கலியாணம் கட்டுறது உங்க ஆள். அடி வாங்குறது நம்ம மரம்."

சதுப்பில் வளர்ந்தது

மூன்றாவது இனம் என்று சொன்னேனே, அது இன்னும் பணிய, ஆற்றோரச் சதுப்பில் வளரும். தண்ணீரில் கால் வைத்து நிற்கிற மரம். தூரிலே முள் இருக்கும், இலையும் மூன்றுதான். பூ மட்டும் அவ்வளவு சிவப்பு இல்லை, மங்கல். பார்த்துப் பழகாதவனுக்கு வித்தியாசம் தெரியாது.

எங்கள் தோட்டத்து லொறி டிரைவருக்குத் தங்கை கல்யாணம். என்னிடம் கேட்பதைக் கௌரவக் குறைவு என்று நினைத்தான். கொழும்புக்குத் தேயிலைப் பெட்டி இறக்கிவிட்டு வருகிற வழியில் ஆற்றங்கரையில் ஒரு கொப்பை முறித்துப் போட்டுக்கொண்டு வந்தான். பந்தலில் ஊன்றப் போகிற நேரம். வெளுத்த துணி கொண்டுவந்த சிங்களக் கிழவர் ஒருவர் அதை எட்டிப் பார்த்துவிட்டு, இது யக் எரபது ஆயிற்றே என்றார். யக் என்றால் பேய் என்று எல்லாருக்கும் தெரியும். பேய் முருக்கு! பெண்கள் குலவையை நிறுத்திவிட்டார்கள். பெண்ணின் அத்தை மாரில் அடித்துக்கொண்டாள். டிரைவர் லொறிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டான். என்னை ஆள் விட்டுக் கூப்பிட்டார்கள். நான் போய்ச் சேருவதற்குள் முகூர்த்தம் தப்பப் பார்த்தது.

மாப்பிள்ளை நல்ல பையன். மணையிலிருந்து எழுந்து வந்தான். கம்பைத் தானே குழியில் இறக்கினான். எல்லாரையும் பார்த்துச் சொன்னான்: "நம்ம தோட்டத்துல இல்லாத பேயா ஆத்துலருந்து புதுசா வந்திருச்சு? மண்ணைப் போடுங்க, நேரமாச்சு."

எல்லா மாப்பிள்ளையும் அப்படி இருந்துவிட்டால் எனக்கு இதை எழுத வேலை இருக்காது.

செல்லாயி மகள் கல்யாணம்

செல்லாயி எங்கள் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவள். புருஷன் போய்விட்டான். ஒரே மகள் காமாட்சி. என் வீட்டுக்கு இரண்டு காம்பரா தள்ளி. அந்தப் பெண் என்னைப் பெரியப்பா என்று கூப்பிடும். அதற்கு நுவரெலியாவுக்கும் மேலே, காட்டை ஒட்டின ஒரு தோட்டத்தில் மாப்பிள்ளை அமைந்தது. பையன் பெயர் வேலு. தேயிலை ஆலையில், ஸ்டோர் என்பார்கள், அங்கே வேலை. வீட்டை ஆளுகிறவள் அவன் அம்மா அங்கம்மா. கல்யாணம் மாப்பிள்ளை வீட்டில்.

நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். பந்தல் பிரித்ததும் அந்த முருக்குக் கம்பைத் தூக்கி எறிய மாட்டார்கள். வீட்டுக்குப் பக்கத்தில் நடுவார்கள். வந்த மருமகள் தினம் தண்ணீர் ஊற்ற வேண்டும். துளிர்த்தால் குடும்பம் துளிர்க்கும். பணிய ஊர்களில் இதில் சங்கடம் கிடையாது. முருக்குக் கம்பை யார் நட்டாலும் முளைக்கும், தலைகீழாக நட்டாலும் முளைத்துத் தொலைக்கும். எல்லா மருமகளும் ராசிக்காரிகள்.

ஆனால் மேலே அப்படி இல்லை. உயரம் கூடக் கூட முருக்கு சோர்ந்துபோகும். அதனால்தான் மேல் தோட்டங்களில் நிழலுக்குச் சவுக்கு நடுகிறார்கள். இதை எனக்குச் சொன்னவர் எங்கள் தோட்டத்து வெளி வேலைக்கெல்லாம் மேலதிகாரியான கண்டாக்கு ஐயா. கம்பு கேட்டு வந்த அங்கம்மாவின் தம்பியிடம் நான் அதைச் சொன்னேன். பந்தலில் ஊன்றுங்கள், நடாதீர்கள் என்றேன். சரி சரி என்று தலையை ஆட்டினார். காது என் பக்கம் இல்லை, பஸ் வருகிற பக்கம் இருந்தது.

செல்லாயி பக்கத்தில் நின்றாள். கம்பை மஞ்சள் துணியில் சுற்றித் தன் கையாலேயே கொடுத்தாள். பஸ் போன பிறகு என்னிடம் கோபமாகச் சொன்னாள்: "நல்ல காரியத்துக்குப் போறவங்ககிட்ட முளைக்காது முளைக்காதுன்னு சொல்றீங்களேண்ணே, உங்க வாயில நல்ல வார்த்தையே வராதா?"

கருகிய கம்பு

கல்யாணம் ஆவணியில். தை பிறந்து கொஞ்ச நாள். நான் ரோட்டோரத்து மலையில் பட்டுப்போன கொப்புகளைக் கழித்துக்கொண்டிருந்தேன். பஸ் நின்றது. காமாட்சி இறங்கினாள். தலையில் தகரப் பெட்டி. கையில் ஒரு கறுப்புக் கம்பு. பின்னால் யாரும் இறங்கவில்லை.

நான் மரத்தை விட்டு இறங்கினேன். கேட்கத் தெரியாமல், கம்பைத்தான் முதலில் வாங்கினேன். கத்தியால் சீவிப் பார்த்தேன். உள்ளே பழுப்பு. விரலால் அமுக்கினால் ஊறிப்போன ரொட்டி மாதிரி அமுங்கியது. அடியில் வேர் இருந்தது. நூல் நூலாக வெள்ளை வேர், பிடுங்கினதில் அறுந்து தொங்கியது. அதாவது பிடித்திருக்கிறது. பிடித்த பிறகு பனி விழுந்திருக்கிறது. அங்கே தை மாதத்தில் புல்லெல்லாம் வெள்ளையாகி, தேயிலையே கருகும். முருக்கு எம்மாத்திரம்.

அங்கம்மா கம்பைப் பிடுங்கி இவள் கையில் கொடுத்து, இதையும் எடுத்துக்கொண்டு போ, இது துளிர்த்தால் வா என்று சொல்லியிருக்கிறாள். வேலு ஸ்டோரில் இருந்த நேரம். எந்தப் பாவமும் அறியாத பிள்ளை அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸிலும் ரெயிலிலும் வந்திருக்கிறது. வழியில் எறிந்திருக்கலாமே என்று அதட்டினேன். எனக்கு அதட்டத்தான் தெரியும்.

அழவில்லை. பெட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "ரெண்டு துளிர் விட்டுச்சு பெரியப்பா. பனி விழுற அன்னிக்குச் சாக்குப் போட்டு மூடினேன். சாக்குதான் மிச்சம்."

வேலு வந்தான்

லயம் என்றால் உங்களுக்குத் தெரியும், தோட்டத்து ஆட்களுக்குக் கட்டின வரிசை வீடு. ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் நூறு ஆயுசு சொல்வார்கள். ஒரு வாரத்தில் காமாட்சிக்குப் பேர் வைத்துவிட்டார்கள். கம்பு கருகினவள். தண்ணீர்ப் பீலியில் அவள் குடத்தை வைத்தால் மற்றவர்கள் குடத்தை நகர்த்தினார்கள். புதுப் பெண்கள் இருக்கிற வீட்டில் அவளை உள்ளே கூப்பிடவில்லை. பூசாரி ஒரு பரிகாரம் சொன்னார். செல்லாயி தாயத்து, விளக்கு, விரதம் எல்லாம் செய்தாள். மாசி போனது, பங்குனி போனது. அங்கேயிருந்து ஒரு ஆளும் வரவில்லை.

சித்திரையில் வேலு வந்தான். செல்லாயி வீட்டுக்குப் போகவில்லை, நேராக மரம் வெட்டுகிற இடத்துக்கு என்னிடம் வந்தான். அம்மாவுக்குத் தெரியாமல் வந்ததாகச் சொன்னான். வேர் விட்ட கம்பாக ஒன்று வேண்டுமாம். நல்ல துளிரோடு. பழைய குழியிலேயே நட்டுவிட்டு, அடி வேரிலிருந்து மறுபடி துளிர்த்துவிட்டது என்று அம்மாவிடம் சொல்வானாம்.

"அடுத்த தையில பனி விழுமே, அப்ப என்ன செய்வ?" என்றேன்.

"அப்ப இன்னொண்ணு குடுங்க."

"வருஷா வருஷம் நீ மரம் திருடிக்கிட்டு மலை ஏறுவியா? அம்மாகிட்ட வாயைத் திறந்து பேச மாட்டியா?"

தலையைக் குனிந்துகொண்டான். அடிக்கத் தோன்றியது. ஆனால் அவன் சட்டைப் பையில் காமாட்சிக்கு வாங்கின வளையல் பொட்டலம் துருத்திக்கொண்டிருந்தது. அடிக்கவில்லை. கம்பும் கொடுக்கவில்லை. வளையலை மட்டும் வாங்கிக்கொண்டு, அவளிடம் சேர்த்துவிடுவதாகச் சொன்னேன். போகும்போது திரும்பி நின்று சொன்னான்: "அடுத்த தைக்குள்ள ஒரு புள்ள பொறந்துட்டா, அம்மா புள்ளயப் பாக்கும் பெரியப்பா, கம்பப் பாக்காது."

மேலே போனோம்

வளையலைக் கொண்டுபோய்க் கொடுத்ததும் செல்லாயிக்கு எங்கிருந்தோ தைரியம் வந்துவிட்டது. மகளைக் கூட்டிக்கொண்டு மேலே போவோம் என்றாள். என்னையும் வரச் சொன்னாள். நான் எதற்கு என்றேன். மரத்தைப் பற்றி நீங்கள் பேசுங்கள், மனிதரைப் பற்றி நான் பேசிக்கொள்கிறேன் என்றாள். வைகாசி தொடக்கம். எனக்கு நடுகை வேலை தலைக்கு மேல் கிடந்தது. ஒரு நாள் லீவு கேட்டேன். கண்டாக்கு ஐயா எதற்கு என்று கேட்டார், சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. போய்வா என்றார்.

ஹட்டனில் ரெயில் ஏறி நானுஓயாவில் இறங்கினோம். அங்கிருந்து பஸ், பிறகு நடை. நான் வழியெல்லாம் ஜன்னலோரம் உட்கார்ந்து மரத்தைத்தான் பார்த்தேன். முதலில் முருக்கு அடர்த்தியாக நின்றது. பிறகு இளைத்தது. பிறகு ஒன்றிரண்டு, நோஞ்சான் பிள்ளை மாதிரி. பிறகு இல்லை. முழுக்கச் சவுக்குதான். செல்லாயியிடம் காட்டினேன். அவள் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தாள். கொஞ்ச நேரம் கழித்து மகள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அங்கம்மா வாசலில் நின்றாள். ஒல்லியான மனுஷி, தலையில் கம்பளித் துண்டு. வாங்க என்று சொல்லவில்லை, போங்க என்றும் சொல்லவில்லை. காமாட்சி படிக்குக் கீழேயே நின்றாள். செல்லாயி பேச வாயெடுத்தாள். வழியெல்லாம் அடுக்கி வைத்துக்கொண்டு வந்தது அத்தனையும் போய்விட்டது. ஆகவே நான் பேசினேன்.

"இந்த மலையில ஒரு முருக்கு மரம் காட்டுங்க. ஒண்ணு போதும். காட்டிட்டா நான் இந்தப் பொண்ணைத் திருப்பிக் கூட்டிட்டுப் போயிடறேன்" என்றேன்.

பின்னால் நின்ற செல்லாயி பதறிப்போய் என் சட்டையை இழுத்தாள். அங்கம்மா ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை. காட்டோரத்தைக் கையால் காட்டினாள்.

"அந்தா செவப்பா பூத்து நிக்குதே. அது என்னவாம்? அதுக்குப் பனி விழலையா? அது கருகிப் போச்சா?"

சிவப்புப் பூ

தூரத்தில் உண்மையாகவே சிவப்பாக நின்றது. சொன்னால் நம்ப மாட்டீர்கள். வருஷக் கணக்காக மரம் வெட்டுகிறவன், அந்த நேரத்தில் முருக்கு என்றே நினைத்துவிட்டேன். செல்லாயியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சரி, போய்ப் பார்ப்போம் என்று நடந்தேன். அங்கம்மாவும் பின்னால் வந்தாள். அவள் அந்த மலையில் மருமகளாக வந்து கிழவியானவள். ஆனால் அந்த மரத்துக்குக் கிட்டத்தில் அவளும் ஒரு நாளும் போனது இல்லையாம். கொழுந்து மலையை விட்டுக் காட்டோரம் போக யாருக்கு நேரம்.

கிட்டத்தில் போனதும் எனக்கு மூச்சு வந்தது. முறுக்கி முறுக்கி வளர்ந்த கட்டை. பூ கொத்துக் கொத்தாக இருந்தது, கிளி மூக்கு இல்லை. சிங்களத்தில் மஹரத்மல் என்பார்கள், பெரிய சிவப்புப் பூ. குளிரில்தான் வளரும். பணிய கொண்டுபோய் வைத்தால் செத்துப்போகும். நான் ஒரு கொப்பை முறித்து அங்கம்மா கையில் கொடுத்தேன். என் பையில் எங்கள் தோட்டத்து முருக்கு இலை ஒரு காம்பு வைத்திருந்தேன். அதையும் கொடுத்தேன்.

"முருக்குக்குக் காம்புக்கு மூணு இலை. இதுல பாருங்க."

பார்த்தாள். தடித்த இலை, ஒவ்வொன்றாகத்தான் இருந்தது. திருப்பிப் பார்த்தாள். அடியில் துரு மாதிரி நிறம். மறுபடி முருக்கு இலையைப் பார்த்தாள். விரலால் மூன்றையும் தொட்டாள். மூக்கில் வைத்து மோந்தாள். நான் ஏதோ சொல்லப் போனேன், வேண்டாம் என்று கையைக் காட்டினாள். மழை தூறத் தொடங்கியது. அவள் நகரவில்லை. 

கோபமாகத்தான் பேசினாள். என்னைப் பார்த்துப் பேசவில்லை, அந்தப் பூவைப் பார்த்துப் பேசினாள்: "நான் வந்தப்ப நட்ட கம்பும் கருகித்தான் போச்சு. மாமியா சாகுற வரைக்கும் அதைச் சொல்லிச் சொல்லித்தான் எனக்குச் சோறு போட்டா. அப்ப நீங்கள்லாம் எங்கய்யா போனீங்க?"

ஒரு நாள் புகை

முருக்கு இலையை அவள் கையிலேயே விட்டுவிட்டு நடந்தேன். 

லயத்துக்குத் திரும்பி வந்தோம். காமாட்சி அதே படிக்குக் கீழே நனைந்துகொண்டு நின்றாள். அங்கம்மா அவளைத் தாண்டி உள்ளே போனாள். உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. அடுப்பில் தண்ணீர் வை, சம்பந்தி மலை ஏறி வந்திருக்கிறார்கள் என்றது. அவ்வளவுதான். காமாட்சி படி ஏறினாள். செல்லாயி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தேத்தண்ணீர் வந்தது. குடித்துவிட்டு நானும் செல்லாயியும் இறங்கி வந்தோம்.  

பிறகு சில வருஷம். இரண்டு அரசாங்கமும் போட்ட ஒப்பந்தப்படி அக்கரைக்குப் போகிறவர் யார், இங்கே இருக்கப் போகிறவர் யார் என்று எல்லா லயத்திலும் அதே பேச்சாக இருந்த சமயம். போகிறதுக்கு முன்னால் பிள்ளைகளைக் கட்டிக் கொடுத்துவிட வேண்டும் என்று ஆளுக்கு ஆள் அவசரப்பட்டார்கள். எனக்கு ஓய்வே இல்லை, கம்பு கம்பு என்று காலையும் மாலையும் தொல்லை. ஒரு நாள் வாசலில் கம்பளித் துண்டு போட்ட ஒரு மனுஷி வந்து நின்றாள். அங்கம்மா. இரண்டாவது மகனுக்குக் கல்யாணமாம். தம்பியை அனுப்பாமல் தானே வந்திருந்தாள். பின்னால் காமாட்சி, இடுப்பில் பெண் பிள்ளை. அது என் கத்தியைப் பார்த்துக் கையை நீட்டியது.

"முள்ளு வேணுமா, இல்லாதது போதுமா?" என்றேன்.

"எதுவா இருந்தா என்னங்க. காம்புக்கு மூணு இலை இருந்தாச் சரி."

நல்ல கொப்பாக வெட்டினேன். வெட்டுவாய் ஈரம் காய ஒரு நாள் வைத்திருந்து நடுங்கள் என்று பழக்கத்தில் சொல்லிவிட்டேன். அங்கம்மா காமாட்சியைத் திரும்பிப் பார்த்தாள். காமாட்சி கம்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நடலைங்க. கல்யாணம் முடிஞ்சு பந்தல் பிரிச்சதும் அடுப்புல வச்சிருவேன். வர்ற பொண்ணு கண்ணுல அது படவே கூடாது" என்றாள் அங்கம்மா.

முருக்கை அடுப்பில் வைக்கிறவர்கள் யாரும் இல்லை. பச்சைத் தண்ணீர் மரம், எரியாது. புகையும், வீடு முழுக்கப் புகையும், கண்ணைத் திறக்க முடியாது. அதைச் சொன்னேன்.

கம்பை வாங்கி மஞ்சள் துணியில் அவளே சுற்றினாள். பேத்தியைக் காமாட்சியிடமிருந்து வாங்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டாள். நடக்கத் தொடங்கிவிட்டுத்தான் சொன்னாள்: "புகையட்டுங்க கங்காணி, ஒரு நாள் புகைதானே."

இத்தனை வருஷம் முருக்கு வெட்டி நான் கண்டது இதுதான்: மரத்தை நட இடம் பார்க்கிறோம், பெண்ணை அனுப்ப நாள் மட்டும் பார்க்கிறோம்.